மகளுக்கு ஏப்ரலில் 21 வயது. ஆகஸ்டில் மாறிப்போனது கணக்கு

நெய்தல் | 2025 நவம்பர் 8, இரவு 11.40

அனைவருக்கும் வணக்கம். ஆறேழு ஆண்டுகளாக இங்கே வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

2011இல் அமெரிக்கா வந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கும் மகளுக்கும் அதைச் சார்ந்த எச்-4 குடும்ப விசா. மகன் 2014இல் இங்கேயே பிறந்தான். அவன் அமெரிக்கக் குடிமகன். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிடும் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான சட்டம்.

கிரீன் கார்டு வரிசையில் ஈபி-2 பிரிவில் எங்கள் முன்னுரிமைத் தேதி, அதாவது வரிசையில் இடம் பிடித்த நாள், 2013 நவம்பர். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின், அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா பட்டியலில் இந்த அக்டோபரில் இந்தியர்களுக்கான விண்ணப்பத் தேதி 2013 டிசம்பர் 1 என்று வந்தது. அதற்கு முந்தைய தேதி உள்ளவர்கள் கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பத்தை அனுப்பலாம். அன்று இரவு நானும் கணவரும் தூங்கவே இல்லை. மருத்துவப் பரிசோதனை, பிறப்புச் சான்றிதழ், புகைப்படம் என்று மூவருக்கும் எல்லாவற்றையும் எடுத்து வைத்தோம்.

வழக்கறிஞர் சொன்னதைக் கேட்ட பிறகு எதிலும் மனம் ஓடவில்லை. 21 நிறையாத பிள்ளைக்குத்தான் பெற்றோருடன் கிரீன் கார்டு கிடைக்கும். மகளுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதனால் அவள் வயது நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும் என்றார். 2023 பிப்ரவரியிலிருந்து, விண்ணப்பத் தேதி வந்தாலே பிள்ளையின் வயதை அன்றோடு நிறுத்திக் கணக்கிட்டார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் அது போய்விட்டது. இனி அதே பட்டியலின் இறுதி நடவடிக்கைத் தேதி, அதாவது கார்டே கொடுக்கும் தேதி, வந்தால்தான் வயது நிற்கும். அந்தத் தேதியோ 2013 ஏப்ரல் 1இலேயே கிடக்கிறது. மகளுக்கு வரும் ஏப்ரலில் 21 நிறைகிறது.

ஆகஸ்ட் 15க்கும் அக்டோபர் 1க்கும் நடுவில் ஏழு வாரங்கள்கூட இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போதே அவளுக்கும் ஐ-485 போடுவதா, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற்றுவதா என்று தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. இதை எதையும் நாங்கள் அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எப்படிச் சொல்வது?


வடக்குவாசல் | நவம்பர் 9, காலை 7.15

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் 2019ஆம் ஆண்டு என் வீடு இருந்த நிலைதான் கண்முன் வந்தது. என் மூத்த மகன் அந்த ஆண்டுதான் 21ஐக் கடந்தான். இப்போது நாங்கள் கனடாவில் இருக்கிறோம். அது பிறகு நடந்த கதை.

முதலில் ஒரு கேள்வி. கிரீன் கார்டுக்காகக் கணவரின் நிறுவனம் போட்ட ஐ-140 மனு எத்தனை நாள் நிலுவையில் இருந்தது? 2002இல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளையின் பிறந்தநாளை மட்டும் பார்ப்பதில்லை. இறுதி நடவடிக்கைத் தேதி வந்து விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளைக்கு என்ன வயதோ, அதிலிருந்து ஐ-140 நிலுவையில் கிடந்த நாட்களைக் கழிக்க வேண்டும். கழித்து வருவது 21க்குக் கீழே இருந்தால் பிள்ளை சட்டத்தின் பார்வையில் பிள்ளைதான். எட்டு மாதம் கிடந்திருந்தால் எட்டு மாதம் உங்களுக்கு லாபம். என் மகனுக்கு ஐந்து மாதம் கிடைத்தது. போதவில்லை.


நெய்தல் | நவம்பர் 9, காலை 9.02

பதினொரு நாள், ஐயா.

2014இல் கூடுதல் கட்டணம் கட்டி விரைவு முறையில் போட்டார்கள். பதினொரு நாளில் அங்கீகாரம் வந்தது. அன்று கோயிலுக்குப் போய் வந்தோம். அந்த வேகம் மகளின் நாட்களை விழுங்கிவிடும் என்று அன்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.


ஆற்றுமணல் | நவம்பர் 9, பகல் 1.30

நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தப் பாதையில் பதினாறு ஆண்டுகள் நடந்தவன். எஃப்-1 பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் வழக்கறிஞரிடம் இதை அப்படியே கேளுங்கள்.

எஃப்-1 கேட்பவர், படித்து முடித்துத் திரும்பிச் செல்லும் எண்ணம் உள்ளவர் என்று காட்ட வேண்டும். ஐ-485 போடுபவரோ இங்கேயே குடியேற விரும்புகிறேன் என்று கையெழுத்துப் போடுகிறார். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். ஆகவே எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மகளின் ஐ-485 உள்ளே போய்விட்டால் பிறகு எஃப்-1 வாங்குவது கடினம். ஐ-485 நிலுவையில் இருக்கும்வரை அவள் தங்கலாம், வேலை அனுமதியும் கிடைக்கும். ஆனால் இறுதித் தேதி வரும் நாளில் கணக்கிட்டுப் பார்த்து 21ஐக் கடந்துவிட்டாள் என்று விண்ணப்பத்தை நிராகரித்தால், அன்று அவள் கையில் எந்த நிலையும் இருக்காது. எச்-4 அவளது 21ஆம் பிறந்தநாளோடு முடிந்திருக்கும்.

மாறாக, எச்-4 உயிரோடு இருக்கும்போதே எஃப்-1க்கு மாற ஐ-539 விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, அவளுடைய ஐ-485ஐ மட்டும் கையில் வைத்திருக்கலாம். இறுதித் தேதி வந்தால் அப்போது போடலாம். வயது நின்ற நாளிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. இதில் இழப்பு என்னவென்றால், இப்போது கிடைக்கக்கூடிய வேலை அனுமதி கிடைக்காது.

இரண்டில் எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். அது இறுதித் தேதி எவ்வளவு நகரும் என்பதைப் பொறுத்தது. அதை இன்றைக்கு எவராலும் சொல்ல முடியாது.

இளைய பிள்ளைகள் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுவர்களின் இந்தியக் கடவுச்சீட்டு ஐந்து ஆண்டுகளுக்குத்தான். ஊருக்குப் போய்த் திரும்பும்போது, விசா இன்னும் இரண்டு ஆண்டு இருந்தாலும், கடவுச்சீட்டு முடியும் நாள் வரைக்கும் மட்டுமே ஐ-94 எனும் தங்கும் அனுமதிப் பதிவில் தேதி போட்டுவிடுவார்கள். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. ஒவ்வொரு முறை வந்திறங்கியதும் ஐ-94ஐ இறக்கிப் படியுங்கள். எச்-4 பிள்ளைகளுக்கு 14 வயது நிறைந்தால் முப்பது நாட்களுக்குள் மறுபடி பதிவு செய்து கைரேகை கொடுக்க வேண்டும் என்பதும் சட்டம். பழைய விதிதான், இந்த ஏப்ரல் முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள்.


மருதம் | நவம்பர் 9, இரவு 10.05

நெய்தல் அக்கா, உங்களுக்கு ஏழு வாரம். எனக்கு நான்கு நாள்.

எச்-4 வேலை அனுமதியில் ஒரு ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். 2015இல் இந்த அனுமதி வந்ததால்தான், எட்டு ஆண்டு வீட்டில் அடைந்து கிடந்த பிறகு, படித்த படிப்புக்கு வேலை கிடைத்தது. என் அட்டை பிப்ரவரியில் முடிகிறது. முன்பெல்லாம் காலம் முடிவதற்குள் புதுப்பிக்க விண்ணப்பித்தால் 540 நாள் வரை தானாக நீளும். அக்டோபர் 30 முதல் போடும் விண்ணப்பங்களுக்கு அது இல்லை என்றார்கள். அறிவித்த மறுநாளே நடைமுறை. கணவரின் எச்-1பி நீட்டிப்புத் தாள்களோடு சேர்த்து அனுப்பலாம் என்று காத்திருந்தோம். எங்கள் உறை நவம்பர் 3 அன்று போய்ச் சேர்ந்தது.

பிப்ரவரிக்குள் அட்டை வராவிட்டால் அன்றே நான் வேலையை நிறுத்த வேண்டும். மேலாளர் நல்லவர். ஆனால் எத்தனை மாதம் இடத்தை வைத்திருப்பார்? அட்டை முடிய 180 நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். இதைப் படிக்கும் சகோதரிகள் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.


பழையபாலம் | நவம்பர் 10, காலை 8.20

நான் 1988இல் வந்தவன். இப்போது குடிமகன். வருத்தப்படாமல் கேளுங்கள்.

எச்-1பி தற்காலிக விசா என்று தெரிந்துதான் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வருகிறோம். ஒரு நாடு தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றிக்கொள்ளும். அது அதன் உரிமை. இங்கே எழுதும் பலர் வீடு வாங்கிவிட்டோம், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்கிறீர்கள். அந்த முடிவுகளை எடுத்தது சட்டம் அல்ல, நாம்தான். ஊர் திரும்புவதை ஏன் எல்லோரும் தண்டனையாகவே பேசுகிறீர்கள்? திரும்பிப் போய் நன்றாக வாழும் குடும்பங்களை நான் அறிவேன்.


ஓடம் | நவம்பர் 10, பகல் 12.10

ஐயா, உங்கள் வயதுக்கும் அனுபவத்துக்கும் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் வந்த காலத்து வரிசை வேறு, எங்கள் வரிசை வேறு.

வேலைவாய்ப்புப் பிரிவில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது. அதில் மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் 7 விழுக்காடுதான் உச்சவரம்பு. ஐஸ்லாந்துக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு. முப்பத்தைந்து ஆண்டுகளாக அந்த எண் மாறவில்லை. நம்மை வாட்டுவது சட்டம் மாறுவது மட்டுமில்லை ஐயா. மாற வேண்டியது மாறாமல் கிடக்கிறது. நிலையாக இருக்கும் என்று நம்பியது ஒரே நாளில் மாறுகிறது.

செப்டம்பர் 19 வெள்ளிக்கிழமை நான் அப்பாவின் கண் அறுவை சிகிச்சைக்காக ஊரில் இருந்தேன். எச்-1பிக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. 21ஆம் தேதிக்குள் திரும்பாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள் என்று கைப்பேசி முழுவதும் செய்தி. கட்டுப் பிரிக்காத கண்ணோடு அப்பா வாசலில் நின்றார். கிடைத்த விமானத்தில் ஏறினேன். பாதி வழியில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தபோது, புதிய மனுக்களுக்கு மட்டும்தான், ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கு இல்லை என்று விளக்கம் வந்தது. அப்பாவின் கட்டைப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் இல்லை. இதைத் தற்காலிக விசாவின் விலை என்று சொல்வீர்களா?


பழையபாலம் | நவம்பர் 10, பிற்பகல் 3.45

இல்லை தம்பி. அப்படிச் சொல்ல மாட்டேன். என் தந்தை இறந்தபோது நானும் போக முடியவில்லை. அதை நினைவூட்டிவிட்டீர்கள்.

திரும்பிப் போவதைப் பற்றிச் சொன்னதை மட்டும் நான் மாற்றிக்கொள்ளவில்லை. அது தோல்வி இல்லை. ஆனால் விரட்டப்பட்டுப் போவதும் விரும்பிப் போவதும் ஒன்றல்ல. நான் அதைப் பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும்.


தூக்கணாங்குருவி | நவம்பர் 11, இரவு 1.20

நெய்தல் அம்மாவுக்கு. எனக்கு 23 வயது. உங்கள் மகளின் இடத்தில் இருந்தவள் நான்.

நான்கு வயதில் இங்கே வந்தேன். பதினேழு வயதில் தோழிகள் எல்லோரும் கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் கடையிலும் நீச்சல் குளத்திலும் வேலைக்குச் சேர்ந்தார்கள். நானும் விண்ணப்பம் வாங்கி வந்தேன். அப்பா அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, படிப்பில் கவனம் செலுத்து என்றார். எங்கள் வீட்டில் பணத்தைப் பற்றிப் பெருமை அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். கல்லூரி உதவித்தொகைப் படிவத்தில் 'குடியுரிமை நிலை' என்ற கட்டத்தில் வந்து நின்றபோதுதான் எச்-4 பிள்ளை என்றால் வேலை செய்யக் கூடாது, அரசு உதவித்தொகை கிடையாது, 21இல் எல்லாம் முடியும் என்று தெரிந்தது. இணையத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். என் பெற்றோர் சொல்லித் தெரியவில்லை.

சட்டத்தின் மேல் எனக்கு வந்த கோபம் ஆறிவிட்டது. அவர்கள் சொல்லவில்லை என்ற வலி ஆறப் பல நாள் ஆனது. என்னைக் காப்பாற்ற மறைத்தார்கள் என்பது இப்போது புரிகிறது. ஆனால் அந்த மூன்று நான்கு ஆண்டுகளில் நான் வேறு துறை எடுத்திருப்பேன், வேறு நாட்டுக் கல்லூரிகளுக்கும் விண்ணப்பித்திருப்பேன். என் வாழ்க்கையைப் பற்றிய பேச்சு பக்கத்து அறையில் தாழ்ந்த குரலில் நடந்துகொண்டிருந்தது. எனக்குக் கதவு மூடியிருந்தது.

நீங்கள் அழாமல் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அழுதுகொண்டே சொன்னாலும் பரவாயில்லை. அவளுடைய கடவுச்சீட்டு, ஐ-94, பழைய ஐ-797 ஒப்புதல் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு அவள் கையில் கொடுங்கள். தம்பியின் முன் சொல்ல வேண்டாம். தம்பி குடிமகன் என்பதால் அவனுக்கு ஒரு குற்ற உணர்வு வரும். என் தம்பிக்கு இன்றும் இருக்கிறது. அவனிடம் தனியாகப் பேசுங்கள்.


நெய்தல் | நவம்பர் 11, காலை 6.30

மகளே, உங்கள் பதிவை நான்கு முறை படித்துவிட்டேன். என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தார்.

மகனைப் பற்றிச் சொன்னது உண்மை. ஒரு நாள், நான் பெரியவனானால் அக்காவுக்குக் கிரீன் கார்டு கேட்டு எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டான். கொடுக்கலாம். அவனுக்கு 21 ஆவது 2035இல். அதற்குப் பிறகும் உடன்பிறந்தவர்களுக்கான வரிசை எங்கள் வரிசையைவிட நீளம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது என்று தெரியாமல், கொடுக்கலாம்டா கண்ணா என்று மட்டும் சொன்னேன்.

நன்றி தெரிவிக்கும் விடுமுறைக்கு மகள் வீட்டுக்கு வருகிறாள். அப்போது சொல்கிறேன்.


கரிசல் | நவம்பர் 22, மாலை 5.50

டிசம்பர் 18இல் எனக்கும் மனைவிக்கும் விசா நேர்காணல், இந்தியாவில். விமான டிக்கெட் எடுத்துவிட்டோம். முன்பு நேர்காணல் இல்லாமலேயே தாள்களைப் போட்டுவிட்டு வரலாம். செப்டம்பர் 2 முதல் அது பெரும்பாலானோருக்கு இல்லை. மூன்று வயது மகளும் உடன் வருகிறாள். போகலாமா?


ஆற்றுமணல் | நவம்பர் 22, இரவு 9.15

கட்டாயம் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள் என்பேன். விசா முத்திரை காலாவதியானாலும் ஐ-94 உள்ளவரை இங்கே இருப்பதற்குத் தடையில்லை. வெளியே போனால்தான் முத்திரை வேண்டும். பெற்றோரின் உடல்நிலை போன்ற காரணம் இருந்தால் அது வேறு. அதை நீங்கள்தான் எடை போட வேண்டும்.


கரிசல் | நவம்பர் 23, காலை 7.40

அம்மா இன்னும் பேத்தியைப் பார்த்ததில்லை. போகிறோம்.


முல்லைக்கொடி | டிசம்பர் 6, காலை 10.20

என் மனைவிக்கு ஏழாம் மாதம். இருவரும் எச்-1பி. இந்த ஜனவரி 20 அன்று வந்த அதிபரின் ஆணைப்படி, எங்களைப் போல் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புரிமைக் குடியுரிமை இல்லை. நீதிமன்றங்கள் அதை நடைமுறைக்கு வராமல் தடுத்து வைத்திருக்கின்றன. நேற்று உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க ஏற்றுக்கொண்டது. இங்கே பிறந்தவர் குடிமகன் என்று 1868இல் வந்த அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தமும் அதை உறுதிசெய்து 1898இல் வந்த வோங் கிம் ஆர்க் தீர்ப்பும் இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மனைவியின் தாயார் தொலைபேசியில் தினமும் கேட்கிறார், குழந்தைக்கு எந்த நாடு என்று. பெயர் தேடிக்கொண்டிருக்க வேண்டிய நாட்களில் தீர்ப்புகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.


மருதம் | டிசம்பர் 6, பகல் 2.00

தம்பி, பெயரையும் தேடுங்கள். பிறந்ததும் பிறப்புச் சான்றிதழை வாங்கி, கடவுச்சீட்டுக்கு உடனே விண்ணப்பியுங்கள். மனைவி பக்கத்தில் இருக்கும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிடுங்கள்.


கரிசல் | டிசம்பர் 11, ஊரிலிருந்து

ஆற்றுமணல் அண்ணா, நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 கேட்பவர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் பார்க்கிறார்களாம். அதற்காக எங்கள் நேர்காணல் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. நாங்கள் இறங்கி நான்கு நாள்தான் ஆகிறது. அலுவலகத்தில் இங்கிருந்து வேலை செய்ய ஜனவரி நடுவரை அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் பேச வேண்டும். அங்கே வீட்டு வாடகை ஓடுகிறது.

அம்மா மட்டும் மகிழ்ச்சியாக இருக்கிறார். பேத்தி பாட்டியின் மடியை விட்டு இறங்குவதில்லை. அதைப் பார்க்கும்போது நான் வந்தது தவறு என்று சொல்ல வாய் வரவில்லை.


நெய்தல் | டிசம்பர் 18, இரவு 10.50

சொல்லிவிட்டேன். விடுமுறை முடிந்து கிளம்பும் முந்தின நாள் இரவு, அவள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. தாள்கள் வைத்த கோப்பையும் கொடுத்தேன்.

அவள் முதலில் கேட்டது, எவ்வளவு நாளாக உங்களுக்குத் தெரியும் என்பதுதான். ஆகஸ்ட் மாற்றம் பற்றி அக்டோபரில்தான் தெரியும், 21 வயதுச் சிக்கல் அவள் ஆறாம் வகுப்பு படித்த நாளிலிருந்தே தெரியும் என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, தன்னைப் பற்றி வழக்கறிஞருடன் பேசும்போதெல்லாம் தானும் இருப்பேன் என்றாள். சரி என்றோம்.

மறுவாரம் மூவருமாகப் பேசினோம். எங்கள் இருவரின் ஐ-485 போய்விட்டது. அவளுடையதைப் போடவில்லை. எஃப்-1க்கு மாற விண்ணப்பித்திருக்கிறோம். அது அவளே எடுத்த முடிவு. இரண்டு கனடாப் பல்கலைக்கழகங்களின் முதுகலைப் படிப்புகளையும் பார்த்து வைத்திருக்கிறாள். வடக்குவாசல் ஐயாவிடம் கேட்கச் சில கேள்விகள் வைத்திருக்கிறாள், தனியே எழுதுகிறோம்.

இறுதித் தேதி டிசம்பர் பட்டியலில் 2013 மே 15க்கு நகர்ந்தது. இப்போது வந்துள்ள ஜனவரிப் பட்டியலில் ஜூலை 15. எங்களுக்கு இன்னும் நான்கு மாதம் நகர வேண்டும்.

அவள் பிறந்தநாள் ஏப்ரல் 22. ஆகவே ஏப்ரல் பட்டியலோடு எல்லாம் முடிந்தது என்றே நானும் கணவரும் நினைத்திருந்தோம். நேற்று இரவு அழைத்தாள். அந்தப் பதினொரு நாளைக் கழித்தீர்களா அம்மா என்று கேட்டாள். மே பட்டியல் தொடங்கும் மே 1 அன்று அவளுக்கு 21 வயதும் ஒன்பது நாளும் ஆகியிருக்கும். ஐ-140 நிலுவையில் கிடந்த பதினொரு நாளைக் கழித்தால், சட்டத்தின் கணக்கில் 21 நிறைய இன்னும் இரண்டு நாள் இருக்கும். மே பட்டியலில் எங்கள் தேதி வந்தாலும் அவள் வயது நிற்கும்.

வழக்கறிஞரிடம் கேட்டேன். கணக்கு சரி என்றார்.

பிப்ரவரிப் பட்டியல் வந்ததும் எழுதுகிறேன். மருதம், உங்கள் அட்டை வந்துவிட்டதா?